முகத்தில் மாட்டுவதா, மேஜையில் வைப்பதா?

வீட்டு அறையில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்களுக்கு இன்று பெரிய தலைவலி, ஹெட்செட்டா மானிட்டரா என்ற கேள்வி. சிலருக்கு அது நிஜத் தலைவலியாகவும் முடிகிறது

ஆயிரம் அடி உயரம். 90 நாட் வேகம். செஸ்னா 172 ரகச் சிறு விமானம் ஒன்று ஓடுபாதைக்கு இணையாக, ஆனால் எதிர்த் திசையில் பறந்துகொண்டிருக்கிறது. இறங்க வேண்டிய இடம் இடப்பக்க இறக்கையின் கீழ் நழுவி மெல்லப் பின்னால் போகிறது. விமானி எப்போது திரும்ப வேண்டும்? ஃபிளையிங் கிளப்புகளில் சொல்லித்தரும் கணக்கு எளிமையானது. ஓடுபாதையின் முனை இறக்கைக்கு 45 டிகிரி பின்னால் தெரியும்போது திரும்பலாம். அதாவது விடை எதிரே இருக்கும் கருவிகளில் இல்லை. இடத் தோளுக்குப் பின்னால் இருக்கிறது.

இதே விமானத்தை பெங்களூரிலோ புணேயிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படுக்கையறையில், 27 அங்குல மானிட்டர் முன் உட்கார்ந்து ஓட்டும் இளைஞருக்கு அங்கேதான் சிக்கல். அவருடைய தோளுக்குப் பின்னால் ஓடுபாதை இல்லை. துணி போட்டுவைத்த நாற்காலிதான் இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கின் தலையில் உள்ள குமிழை விரலால் தள்ளினால் திரையில் காட்சி இடப்பக்கம் சுழலும். ஓடுபாதை தெரியும். ஆனால் அந்த விநாடியில் எதிரே இருந்த அடிவானம் காணாமல் போய்விடும். குமிழை விட்டு, காட்சி நேரே திரும்புவதற்குள் விமானம் 100 அடி இறங்கியிருக்கும். இரண்டு மூன்று முறை இப்படி அவதிப்பட்ட பிறகு பெரும்பாலானவர்கள் வெளியே பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். உயரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று கருவிகளைப் பார்த்தே திரும்பக் கற்றுக்கொள்கிறார்கள்.

விளையாட்டுக்கு ஓட்டுபவருக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டு சிமுலேட்டரில் மாதக்கணக்கில் பழகிவிட்டு நிஜ விமானத்தில் முதல் பாடத்துக்கு உட்காரும் மாணவரைப் பற்றிப் பயிற்றுநர்கள் சொல்லும் குறை ஊருக்கு ஊர் ஒன்றாகவே இருக்கிறது: பையன் தலையை நிமிர்த்துவதே இல்லை. கண் எப்போதும் டயல்களில். சிறு விமானத்தை ஓட்டுபவரின் கண் பெரும்பாலான நேரம் வெளியேதான் இருக்க வேண்டும். எதிரே வரும் இன்னொரு விமானத்தை எந்த டயலும் காட்டாது. டயல்களைத் தாளால் மூடிவிட்டுப் பறக்கச் சொல்லி இந்தப் பழக்கத்தை உடைக்கும் பயிற்றுநர்கள் உண்டு. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஆயிரக்கணக்கில் பணம் கரையும்போது, வீட்டில் இலவசமாகக் கற்ற ஒன்றை மறப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியிருப்பது வேடிக்கையான கொடுமை.

இங்கேதான் விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட் நுழைகிறது. கண்களை முழுக்க மூடும் ஒரு முகமூடி. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிச் சிறு திரை. தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ காட்சியும் அந்தப் பக்கம் திரும்பும். ஓடுபாதையைப் பார்க்க வேண்டுமா? தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் போதும். விரலுக்கு வேலை இல்லை. நிஜ காக்பிட்டில் கழுத்து செய்யும் அதே காரியத்தை இங்கும் கழுத்தே செய்கிறது. ஒரு சுற்று பறந்து இறங்கியதுமே மானிட்டரைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம் என்று தோன்றும். அதற்குள் அவசரப்பட வேண்டாம்.

ஆரம்பத்தில் சிமுலேட்டர்களுக்குப் படமே கிடையாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத் தொழிற்சாலையில் வேலை பார்த்த எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே அசைந்தாடும் ஒரு பயிற்சிப் பெட்டியை 1929-ல் உருவாக்கினார். கேளிக்கைப் பூங்காக்களில்தான் அது முதலில் விலைபோனது. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ஏற்று, மேகத்திலும் இருட்டிலும் சிக்கிச் சில வாரங்களில் ஒரு டஜன் பேர் மாண்டபோதுதான் ராணுவம் விழித்துக்கொண்டது. தலா 3,500 டாலர் விலையில் ஆறு பெட்டிகளை வாங்கியது. நீல வண்ணம் பூசிய அந்தப் பெட்டியின் மூடியைச் சாத்தினால் உள்ளே இருப்பவருக்குத் தெரிவது கருவிகள் மட்டுமே. கற்பிக்க வேண்டியதும் அதுவாகத்தான் இருந்தது: வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை நம்புவது.

எதைக் கற்க வேண்டும் என்பதைப் பொறுத்தே கருவியும் மாறும் என்பது அன்றே வெளிப்பட்ட விஷயம். ஹெட்செட்டா மானிட்டரா என்று சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

தலையில் மாட்டும் திரையும் புதிதல்ல. அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் 1968-ல் செய்து காட்டிய முதல் கருவியைத் தலை தாங்காது. கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1980-களில் அமெரிக்க விமானப் படைக்காக டாம் ஃபர்னஸ் உருவாக்கிய ஹெல்மெட் ஒரு பூதாகாரப் பூச்சியின் தலையைப் போல இருந்தது. அது சாமானியர் கைக்கு எட்ட இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2012-ல் பாமர் லக்கி என்ற இளைஞர் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஓகுலஸ் ரிஃப்ட்டைத் தொடங்கினார். 2014-ல் ஃபேஸ்புக் நிறுவனம் அதை சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-ல் கருவி கடைக்கு வந்தது.

அப்போது வாங்கி மாட்டிப் பார்த்த விமானப் பிரியர்கள் நொந்துபோனார்கள். கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல் காட்சி. உயரமானியின் எண்களைப் படிக்க மூக்கால் டயலை உரசுகிற அளவுக்குக் குனிய வேண்டும். ஹெட்செட்டில் கருவிகள் தெரியாது என்ற தீர்ப்பு அன்று எழுதப்பட்டது. இன்றும் பலர் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு மாறிவிட்டது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும். நல்ல பார்வையுள்ள கண், ஒரு டிகிரி கோணத்துக்குள் சுமார் 60 புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். 2016-ன் ரிஃப்ட் டிகிரிக்குக் கொடுத்தது 12 புள்ளி அளவில். 2023-ல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 கொடுப்பது 25. அதே ஆண்டில் வந்த பிமாக்ஸ் கிரிஸ்டல் போன்ற விலையுயர்ந்த ரகங்கள் 35-ஐ எட்டுகின்றன. மானிட்டர்? 27 அங்குல 4கே மானிட்டரை 70 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால் அதன் அகலம் கண்ணில் 46 டிகிரி கோணத்தை அடைக்கும். குறுக்கே 3,840 புள்ளிகள். டிகிரிக்கு 83 ஆயிற்று. போட்டியே இல்லை என்று தோன்றும்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 46 டிகிரி அகலமுள்ள ஜன்னல் வழியாக காக்பிட்டைப் பார்த்தால் கருவிப் பலகையில் பாதிகூடத் தெரியாது. எனவே மானிட்டரில் ஓட்டுகிறவர்கள் காட்சியைச் சுருக்கி, 80 டிகிரி உலகத்தை அந்த 46 டிகிரிக்குள் திணிக்கிறார்கள். நிஜத்தில் உள்ளங்கை அளவுள்ள டயல் திரையில் ரூபாய் நாணயம் அளவுக்கு இளைத்துவிடுகிறது. இப்போது நிஜ காக்பிட்டின் ஒரு டிகிரிக்குக் கிடைப்பது 48 புள்ளிகள். அதுவும் 4கே மானிட்டரில். குறுக்கே 1,920 புள்ளிகள் மட்டுமுள்ள சாதாரண மானிட்டரில் இது 24 ஆகிவிடும். குவெஸ்ட் 3-ல் இருப்பதைவிட ஒன்று குறைவு. ஹெட்செட்டில் எல்லாம் நிஜ அளவில் தெரிவதால் இந்தச் சுருக்கம் கிடையாது. தேவைப்பட்டால் கொஞ்சம் முன்னால் சாய்ந்து படிக்கலாம், நிஜ விமானி செய்வதைப் போலவே.

ஆக, பழைய மானிட்டர் வைத்திருப்பவருக்கு ஹெட்செட்டால் இழப்பு எதுவும் இல்லை. 4கே வைத்திருப்பவருக்குத்தான் எழுத்துகள் மங்கலாகத் தோன்றும். பழைய வட்ட டயல்கள் உள்ள செஸ்னாவில் முள்ளின் சாய்வே போதும். நவீன விமானங்களின் கண்ணாடித் திரைகளில் பொடிப்பொடியாக வரும் எழுத்துகளைப் படிப்பதுதான் சிரமம். லென்ஸும் ஒரு காரணம். பழைய ஹெட்செட்களின் ஃப்ரெனல் லென்ஸில் நடுப்பகுதி மட்டுமே தெளிவு. ஓரக்கண்ணால் எதையும் படிக்க முடியாது. படிக்க வேண்டியதை நோக்கி மூக்கைத் திருப்ப வேண்டும். புதியவற்றில் உள்ள பேன்கேக் லென்ஸ் ஓரம்வரை தெளிவாகக் காட்டுகிறது.

செலவு ஹெட்செட்டோடு முடிவதில்லை. குவெஸ்ட் 3-ன் இரு திரைகளிலும் சேர்த்து 91 லட்சம் புள்ளிகள். சாதாரண மானிட்டரில் 21 லட்சத்துக்கும் குறைவு. மானிட்டரில் விநாடிக்கு 30 படங்கள் வந்தால்கூட விமானம் ஓட்டுகிறவர் திருப்தியடைந்துவிடுவார். கார் பந்தயம் அல்லவே. ஹெட்செட்டில் விநாடிக்கு 72 அல்லது 90 படங்கள் வேண்டும். 90 என்றால் ஒவ்வொரு படத்தையும் வரைய கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது 11 மில்லி விநாடி. முடியாதபோது பாதிப் படங்களை மட்டும் வரைந்துவிட்டு இடையில் உள்ளவற்றை மென்பொருள் ஊகித்து நிரப்பும் தந்திரம் உண்டு. அப்போது புரொப்பெல்லரின் விளிம்பு ஜெல்லி மாதிரி நெளியும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஹெட்செட் வாங்குவது மாட்டு வண்டிக்கு விமான டயர் வாங்குவதைப் போல. பலர் ஹெட்செட்டின் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, அதைப்போல இரண்டு மடங்கைப் பிறகு கார்டுக்கு அழுகிறார்கள்.

பணம் இருந்தாலும் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். கண் விமானம் சாய்வதாகச் சொல்கிறது. காதின் உட்புறத்தில் உள்ள சமநிலை உறுப்போ நாற்காலி அசையவே இல்லை என்று அடித்துச் சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை வயிற்றின் மீது தீர்ப்பெழுதுகிறது. வியர்வை, கொட்டாவி, குமட்டல். மானிட்டரில் ஓரக்கண்ணுக்கு அறையின் சுவர் தெரிந்துகொண்டே இருப்பதால் இந்தக் குழப்பம் அபூர்வம்.

இதில் வினோதம், அனுபவம் உள்ளவர்களையும் இது விட்டுவைப்பதில்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை ஒரு ஹெலிகாப்டர் சிமுலேட்டரைச் சோதித்தபோது மாணவர்களைவிட அதிகமாகத் தலைசுற்றிப் போனவர்கள் பயிற்றுநர்கள். நிஜ ஹெலிகாப்டர் எப்படி அசையும் என்று அவர்கள் உடம்புக்கு அத்துப்படி. அசைய வேண்டிய இடத்தில் அசையவில்லை என்பதை அது கண்டுபிடித்துவிட்டது. ஒன்றும் தெரியாத மாணவரின் உடம்பு ஏமாந்து போயிற்று.

இதற்குப் பழக்கம்தான் மருந்து. முதல் சில நாட்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், காற்றில்லாத வானிலையில், நேராகப் பறத்தல் மட்டும். குமட்டல் எட்டிப் பார்த்த உடனே கழற்றிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் மூளை ஹெட்செட்டையும் குமட்டலையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். பிறகு அந்த ரப்பர் வாசனையே போதும். முகத்துக்கு நேரே ஒரு மேஜை ஃபேன் வைத்துக்கொள்வது ஆச்சரியப்படும் அளவுக்கு உதவுகிறது. எப்படியும் நம் ஊர் மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில் அரைக் கிலோ முகமூடியை மாட்டிக்கொண்டு ஃபேன் இல்லாமல் இருக்க முடியாது. பத்து நிமிடத்தில் நுரைப் பஞ்சு வியர்வையில் ஊறி லென்ஸில் ஆவி படிந்துவிடும். ஆடி அடங்கிய பிறகு உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் இருப்பதும் நல்லது. குழந்தைகளைப் பொறுத்தவரை, பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது ஆகாது என்று மெட்டாவே சொல்கிறது.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கூடுதல் தொல்லை. கண்ணாடியோடு மாட்டினால் லென்ஸில் உரசிக் கீறல் விழும். பவருக்கு ஏற்ற லென்ஸை ஹெட்செட்டின் உள்ளேயே பொருத்திக்கொள்வது சிறந்த வழி. ஹெட்செட்டுக்குள் காட்சி ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதாகவே கண் குவிகிறது. எனவே படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போடும் நாற்பது வயதுக்காரர் சில சமயம் கண்ணாடி இல்லாமலேயே சமாளித்துவிடலாம். மானிட்டரில் அந்தச் சலுகை கிடையாது.

ஹெட்செட் பக்தர்கள் முன்வைக்கும் இன்னொரு வாதம் ஆழம். இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் என்பதால் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும், தரையிறங்குவது சுலபம் என்கிறார்கள். பாதிதான் உண்மை. இரு கண்களும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு பக்கத்தில் உள்ளவற்றுக்கே சிறப்பாக வேலை செய்கிறது. தூரம் போகப் போக மங்கிவிடுகிறது. 1933-ல் முதன்முதலாகத் தனியாக உலகைச் சுற்றிப் பறந்த வைலி போஸ்ட்டுக்கு ஒரு கண்தான். இடக் கண்ணை எண்ணெய் வயல் விபத்தில் 1926-ல் இழந்தவர் அவர். ஓடுபாதையின் இரு விளிம்புகளும் எந்த வேகத்தில் விரிகின்றன, அடிவானம் எங்கே நிற்கிறது, பக்கவாட்டில் புல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பவைதான் தரையின் தூரத்தைச் சொல்கின்றன. இவற்றில் கடைசி இரண்டும் ஓரக்கண்ணின் வேலை. ஹெட்செட்டின் பலம் உண்மையில் அங்கே இருக்கிறது: குவெஸ்ட் 3-ல் 110 டிகிரி அகலம் கண்ணை நிறைக்கிறது. மானிட்டரில் 46.

இதுவரை படித்தவர் ஹெட்செட் பக்கம் சாய்ந்திருந்தால், மேகத்துக்குள் பறக்கும் ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும். டெல்லியிலிருந்து சென்னைக்கு ஏர்பஸ் 320. இரண்டே முக்கால் மணி நேரம். வாட்சிம், ஐவாவோ போன்ற அமைப்புகளில் உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாக உட்கார்ந்து, இன்டர்நெட் வழியே நிஜம்போலவே உத்தரவு கொடுக்கிறார்கள். இந்தியாவுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. புறப்படும் பாதை, உயரம், அலைவரிசை, அடையாள எண் என்று அவர் மூச்சு விடாமல் சொல்வதைத் தாளில் குறித்துக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். முகமூடிக்குள் இருப்பவர் பென்சிலை எங்கே தேடுவார்? வரைபடத்தை எப்படிப் பார்ப்பார்? விமானத்தின் கம்ப்யூட்டரில் வழித்தடத்தைப் பதிவு செய்ய நூறு பொத்தான்களை அமுக்க வேண்டும். மௌஸில் செய்தால் ஒரு நிமிட வேலை. காற்றில் விரலை நீட்டி நீட்டி அமுக்கினால் தோள் வலிக்கும். இரண்டு மணி நேரத்தில் கழுத்தும் வலிக்கும். குக்கர் விசில் கேட்காது, வாசலில் யார் மணியடித்தாலும் தெரியாது, காபி டம்ளரை விசைப் பலகை மேல் கவிழ்க்காமல் இருந்தால் அதிர்ஷ்டம். ஹெட்செட்டின் காமிரா வழியே வெளியே பார்க்கும் வசதி புதிய ரகங்களில் வண்ணத்திலேயே வந்துவிட்டது. கைக்காரியத்துக்கு அது உதவும். பொடி எழுத்துத் தாளைப் படிக்க அவ்வளவு உதவாது.

கருவிகளை நம்பிப் பறக்கும் இந்தப் பாடத்துக்கு மானிட்டரே மேல். எட்வின் லிங்கின் நீலப் பெட்டிக்கு வெளிக் காட்சி தேவைப்படாததற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். நிஜ சுவிட்சுகள், த்ராட்டில், ரேடியோ பலகை என்று ஒவ்வொன்றாக வாங்கி அறையையே காக்பிட்டாக மாற்றுகிறவர்களும் மானிட்டர் பக்கமே இருக்க வேண்டியவர்கள். ஆசையாசையாகக் கட்டியதை முகமூடி போட்டு மறைத்துக்கொள்வதில் என்ன இருக்கிறது?

போர் விமான சிமுலேட்டர்களில் கதை வேறு. டி.சி.எஸ். போன்றவற்றில் பின்னால் துரத்துகிறவரை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் பிழைப்பார். அங்கே கழுத்துக்கு மாற்று இல்லை. ஹெலிகாப்டரும் அப்படித்தான்: ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கவைப்பது மானிட்டரில் நரகம், ஹெட்செட்டில் சாத்தியம்.

தொழில்முறை உலகமும் இந்த வழியில்தான் யோசித்திருக்கிறது. அமெரிக்க விமானப் படை 2018-ல் டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஹெட்செட்களைத் தாராளமாகப் பயன்படுத்தி ஒரு பரிசோதனை வகுப்பை நடத்தியது. வழக்கமாக ஒரு வருடம் பிடிக்கும் பயிற்சியை அதில் 13 அதிகாரிகள் சுமார் ஆறு மாதத்தில் முடித்தார்கள். நிஜ விமானத்திலும் பறந்துதான். 2021-ல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு முதன்முறையாக ஹெட்செட்டை அடிப்படையாகக் கொண்ட ஒரு பயிற்சிக் கருவியை அங்கீகரித்தது. ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்று ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்காகச் செய்தது அது. அந்நிறுவனம் பிறகு லாஃப்ட் டைனமிக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024-ல் அமெரிக்க அதிகாரிகளின் அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் அங்கே ஹெட்செட் மட்டும் இல்லை. அசையும் மேடை, நிஜ அளவு காக்பிட், விமானியின் கையையும் உடலையும் பின்தொடரும் காமிராக்கள் எல்லாம் உண்டு. பெரிய விமானங்களின் விமானிகளைப் பயிற்றுவிக்கும் சிமுலேட்டர்களோ இன்றும் வளைந்த பிரமாண்டக் கண்ணாடியில் பிரதிபலிக்கும் காட்சியைத்தான் நம்பியிருக்கின்றன. இரு விமானிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வேலை செய்ய வேண்டிய இடத்தில் முகமூடி எடுபடாது.

வீட்டில் பழகுகிறவர் ஒரு விஷயத்தில் ஏமாறக்கூடாது. இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதிக்கான 40 மணி நேரத்தில் அதிகபட்சம் 20-ஐ அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் கழிக்கலாம். படுக்கையறையில் எத்தனை விலையுயர்ந்த ஹெட்செட்டை மாட்டி ஓட்டினாலும் ஒரு நிமிடம்கூட இந்தக் கணக்கில் சேராது. அங்கே சம்பாதிக்கக்கூடியது பழக்கம் மட்டும்தான். நல்லதாக இருந்தால் பயிற்சியில் சில மணி நேரச் செலவு மிச்சம். கெட்டதாக இருந்தால் அதே அளவு தண்டம்.

முதல் தனிப் பறப்புக்கு முன்னால் நிற்கும் மாணவர், சுற்று வட்டப் பறத்தலையும் தரையிறங்குவதையும் பழக விரும்பினால் ஹெட்செட்டில் பழகட்டும். அடுத்த ஆண்டு அதே மாணவர் கருவிப் பறத்தலுக்குத் தயாராகும்போது மானிட்டருக்குத் திரும்பட்டும். இரண்டுக்கும் பணம் இல்லாதவருக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது, அது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. தலையின் அசைவைக் கவனித்து மானிட்டர் காட்சியைத் திருப்பும் டிராக்ஐஆர் போன்ற கருவிகள் வெகுகாலமாகவே உண்டு. அதே வேலையைச் சாதாரண வெப் காமிராவைக் கொண்டே செய்யும் ஓப்பன்டிராக் என்ற மென்பொருள் இலவசம். தலையை 15 டிகிரி திருப்பினால் காட்சி 100 டிகிரிக்கு மேல் திரும்பும்படி அமைத்துக்கொள்ளலாம். கழுத்து ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று முதல் இரண்டு நாள் விநோதமாக இருக்கும். பிறகு பழகிவிடும். மூன்று மானிட்டர்களை வரிசையாக வைப்பதைவிட இது மேல். மூன்று வைத்தாலும் தோளுக்குப் பின்னால் இருக்கும் ஓடுபாதை தெரியப் போவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஹெட்செட்தான் என்று முடிவெடுத்தவருக்கு இந்தியாவில் இன்னொரு பரீட்சை காத்திருக்கிறது. 2020-ல் குவெஸ்ட் 2 வந்தபோதும் 2023-ல் குவெஸ்ட் 3 வந்தபோதும் அவை முதலில் விற்பனைக்கு வந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர்களின் பெட்டிகளிலும், பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் ரகக் கடைகளின் உள் அலமாரிகளிலும்தான் அவை இங்கே வந்து சேர்ந்தன. இப்படி வருபவற்றில் பழுது ஏற்பட்டால் வாரன்டியை யாரிடம் போய்க் கேட்பது என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். மானிட்டருக்கு இந்தப் பிரச்சனை இல்லை. எந்த ஊரிலும் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

பழைய ஹெட்செட்டை மலிவாக வாங்குவதிலும் கண்ணிவெடி உண்டு. 2020 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கு ஹெட்செட் வசதி வந்தபோது அதற்கு மிகப் பொருத்தமானது என்று கொண்டாடப்பட்டது ஹெச்.பி. ரிவெர்ப் ஜி2. விலை 599 டாலர். விமானப் பிரியர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அது இயங்குவதற்குத் தேவையான விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி வசதியைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது. லென்ஸும் திரையும் புதுசுபோலவே இருந்தன. கம்ப்யூட்டர்தான் அதை அடையாளம் காண மறுத்தது. விண்டோஸைப் புதுப்பிக்காமல் பிடிவாதமாக வைத்திருந்தவர்கள் மட்டும் தொடர்ந்து பறந்தார்கள். எனவே யாராவது பாதி விலைக்கு ரிவெர்ப் கொடுக்கிறேன் என்று வந்தால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன் தன் கம்ப்யூட்டரில் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிடுவது நல்லது.